புதுக் மொழிக்கு நான் வெச்ச கெட்ட பேரு

நீங்க மூணு பேரும் நம்ம வேலைக்குப் புதுசு. ரிட்டையர் ஆன மனுஷன் நல்லதா நாலு வார்த்தை சொல்லட்டும்னு என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க. நல்ல வார்த்தையெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கு, படிச்சுக்கலாம். நான் ஒரு கெட்ட வார்த்தையப் பத்திச் சொல்லப் போறேன். அது நாங்க போட்ட புஸ்தகத் தொகுதியில தலைப்பாவே வந்து நின்னுச்சு. கொண்டாந்து நிறுத்தினவன் நான்தான். இத்தனை வருஷத்துல நான் ரொம்பப் பெருமையா நெனைக்கிற பக்கமும் அதே பக்கந்தான். அது எப்படின்னு கேளுங்க.

எனக்குச் சொந்த ஊரு அண்ணாகிராமம் பக்கம். முந்திரித் தோப்புக்காரங்க. கொணத்துலயும் நான் முந்திரிக்கொட்டைதான். அடுத்தவன் பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடுவேன். 2004-ல சிதம்பரத்துல, உலக மொழிகளைப் பத்தித் தமிழ்ல ஒரு பெரிய தொகுதி போடற திட்டம் ஆரம்பிச்சாங்க. என்னைப் பொறுப்பாசிரியரா போட்டாங்க. ஒரு மொழிக்கு ஒரு கட்டுரை. மொத வேலையா நான் ஒரு விதிக்குறிப்பு எழுதினேன், வெளிநாட்டுப் பேரையெல்லாம் தமிழ் எழுத்துல எப்படி எழுதணும்னு. பன்னெண்டு பக்கம். அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் நீட்டுவேன்.

அதுல ரெண்டு விதிய மட்டும் சொல்றேன். ஒண்ணு, இங்கிலீஷ் எழுத்துல 'டி' வந்தா தமிழ்ல 'ட' போடணும். டாக்டர், டில்லி மாதிரி. ரெண்டு, தமிழ்ல ஒரு சொல்லு 'க்', 'ட்', 'ப்'னு வல்லினத்துல முடியக் கூடாது, கடைசியில ஒரு 'உ' சேத்துக்கணும். பேங்க்குக்குப் போறேன், பேங்க்கு பூட்டியிருக்குன்னு நாம சொல்றோம் பாருங்க, அது மாதிரி. இலக்கணம் படிச்ச எவனும் குத்தம் சொல்ல முடியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

2008-ல எஸ்தர்னு ஒரு பொண்ணு எங்ககிட்ட உதவி ஆசிரியரா இருந்தா. கீரப்பாளையத்துக்கு உள்ளார ஒரு ஊரு. அவுங்க வீட்டுல காலேஜ் படி ஏறின மொத ஆளு. இப்போ அவுங்க பெரிய ஆளு, ஆனா என் வாயில 'அவ'ன்னுதான் வரும், தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சு கம்மி, கேள்வி ஜாஸ்தி. காகசஸ் மலைப்பக்கத்துச் சின்ன மொழிங்களை அவகிட்ட ஒப்படைச்சிருந்தேன். அதுல ஒண்ணுதான் புதுக்.

அஜர்பைஜான் நாட்டுல, மலை மேல ஒரு ஊரு. அந்த ஊரு பேரும் அதுதான், மொழி பேரும் அதுதான். பேசறவங்க கொஞ்ச பேரு. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல அஜர்பைஜானி படிச்சு, கீழ டவுனுக்கு எறங்கிப் போயி, அதையே பேசப் பழகிடுறாங்க. இந்த மொழிக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் பக்கத்து மலையில பேசற கிரித்ஸ். கொஞ்சம் தள்ளி லெஸ்கி, ரூத்துல். இன்னும் தள்ளி உதி. எல்லாம் ஒரே குடும்பம். நம்ம உயர்திணை அஃறிணை மாதிரி புதுக்கிலயும் பெயர்ச்சொல்லை எனம் பிரிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி வினையை மாத்துவாங்க. பெரிய வீடான லெஸ்கியில அது எப்பவோ தொலைஞ்சு போச்சு, இந்தச் சின்ன வீட்டுல இன்னும் இருக்குன்னு எஸ்தர் எழுதியிருந்தா. படிக்கறப்பவே நமக்கு ஒரு ஆசை வரும், அப்படி எழுதியிருந்தா. அந்த ஜனங்க தங்களோட மொழிய 'புதத் மெஸ்'னு சொல்லுவாங்க. மெஸ்னா நாக்கு. எங்க ஆபீஸ்ல, "புதத் மெஸ்ல இன்னிக்கு என்ன கொழம்பு எஸ்தர்?"னு அவளை ஓட்டுவோம். அவளும் சிரிப்பா.

அவ கையெழுத்துல தலைப்பு 'புதுக்'னுதான் இருந்துச்சு. 'த' போட்டு. நான் சிவப்பு பேனாவை எடுத்தேன். இங்கிலீஷ்ல 'டி' இருக்கு, அதனால 'ட'. கடைசியில 'க்' இருக்கு, அதனால 'க்கு'. ஓரத்துல 'விதி பார்க்கவும்'னு ஒரு குட்டு வேற. அவ ஏதோ சொல்ல வந்தா. "விதிய எல்லாருக்கும் ஒண்ணா வெச்சாத்தாம்மா விதி"ன்னு அடக்கிட்டு அடுத்த கட்டுரைக்குப் போயிட்டேன்.

ரெண்டு விதியையும் போட்டா வர்ற தலைப்பு, 'புடுக்கு மொழி'. நம்ம பக்கத்துல அது ஆம்பளை உடம்புல எதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எப்படிய்யா கண்ணுல படாம போச்சுன்னு கேப்பீங்க. எனக்கு அங்க விதி தெரிஞ்சுதே ஒழிய சொல்லு தெரியல. இந்த வேலையில பழகப் பழக அந்த நோய் வரும், பாத்துக்கங்க.

கடலூர்ல அச்சாபீஸ். பக்கம் அமைக்கிறவரு காசிம் பாய், பரங்கிப்பேட்டைக்காரரு, நிதானமான மனுஷன். அவரு போன் பண்ணினாரு. "சார், நானூத்திச் சொச்சம் பக்கம் வந்துடுச்சு. ஒரு தலைப்பை மட்டும் ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சுப் பாருங்களேன்."

"எழுதினபடி அடிங்க பாய். நீங்க ஆசிரியரா நான் ஆசிரியரா?"

"நீங்கதான் சார்," அப்படின்னு வெச்சுட்டாரு.

அடுத்த திங்கக்கிழமை காலையில சிதம்பரத்துல ஆலோசனைக் குழுக் கூட்டம். வெள்ளிக்கிழமை பக்கமெல்லாம் அச்சுக்குப் போவணும். குழுத் தலைவர் பெரிய பதவியில இருந்து ரிட்டையர் ஆனவரு. தமிழ்னா உயிரு, கோபம் வந்தா எதிர்ல நிக்க முடியாது. அவரு புரூஃபைப் பொரட்டிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல நிறுத்தினாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டு தலைப்பைச் சத்தமா படிச்சாரு.

அந்த ஹாலே சிரிச்சுது. டீ கொண்டாந்தவரு கூட சிரிச்சாரு.

தலைவர் சிரிக்கல. "யாரு எழுதினது இது?"

கடைசி வரிசையில எஸ்தர் எழுந்து நின்னா. நான் அப்போ சொல்லியிருக்கணும், 'தலைப்பு என்னுது சார்'னு. மூணே வார்த்தை. நான் தண்ணி டம்ளரை எடுத்துக் குடிச்சேன். நல்லா நெனவிருக்கு, தாகமே இல்ல.

"இதைத் தூக்கிடுங்க," அப்படின்னாரு தலைவர். "எங்கியோ ஒரு மலையில நாலு பேரு பேசறது. இது ஒண்ணு இல்லாட்டி தொகுதி கெட்டுப் போயிடாது. யாரு கேக்கப் போறாங்க?"

கூட்டம் கலைஞ்சு போச்சு. எஸ்தர் அழுதுக்கிட்டு இருப்பான்னு நெனச்சு அவ மேஜைக்குப் போனேன். அழல. தன் கையெழுத்துப் பிரதிய எடுத்து, என் சிவப்பு 'ட' மேல தெரியற மாதிரி வெச்சா. கீழ அவ எழுதின 'த' அப்படியே இருந்துச்சு.

"நீ ஏம்மா 'த' போட்ட?"ன்னு கேட்டேன். அவ சேந்த எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் கேட்டேன்.

"கேட்டேன் சார். காதால கேட்டேன். வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சிக்காரருக்கு மெயில் போட்டு, அந்த ஊருக்காரரு ஒருத்தரு பேசின பதிவு வாங்கினேன். மேலவீதி பிரவுசிங் சென்டர்ல உக்காந்து முப்பது வாட்டி கேட்டேன். நாக்கு பல்லுல படுது சார். நம்ம 'த' மாதிரி. மேல மடங்கவே இல்ல. இங்கிலீஷ்காரங்க அதை 'டி'ன்னு எழுதினாங்க, நீங்க இங்கிலீஷைப் பாத்து எழுதறீங்க."

அடப்பாவி, நாலு வருஷமா நான் எழுத்தைப் பாத்து எழுத்து போட்டிருக்கேன். அந்தச் சத்தம் எந்த வாயில இருந்து வருதுன்னு ஒரு தடவை கூட யோசிக்கல. மொழிப் புஸ்தகம் போடறவன் நான்!

அவ இன்னொண்ணும் சொன்னா. "என்னைப் பாத்துச் சிரிச்சா பரவால்ல சார். எங்க தெருவுக்கு ஊர்க்காரங்க ஒரு பேரு வெச்சிருந்தாங்க. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ அந்தப் பேரு வந்தாலே சிரிப்பாங்க. ரேஷன் கார்டுல அதை மாத்தறதுக்கு எங்கப்பா தாலுக்கா ஆபீசுக்கு எவ்ளோ அலைஞ்சாருன்னு எனக்குத் தெரியும். இவுங்க பாவம், மலை மேல இருக்காங்க. இங்க நாம வெச்ச பேருக்கு நாமளே சிரிச்சு, நாமளே வெளிய அனுப்புறோம். அவுங்களுக்குத் தெரியக் கூடத் தெரியாது."

எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில மொத பஸ்ஸைப் புடிச்சு கடலூர். மஞ்சக்குப்பத்துல தலைவர் வீடு. உக்காருங்கன்னு சொன்னாரு, நான் உக்காரல. "சார், அந்தத் தலைப்பு அந்தப் பொண்ணு எழுதினதில்ல. நான் மாத்தினது. அவ எழுதினது சரி. கட்டுரைய எடுக்காதீங்க."

அவரு என்னையே பாத்தாரு. மனுஷன் கெட்டவரு இல்ல, எனக்கு ஒரு வழி விட்டாரு. "சரி விடுங்க. அச்சாபீஸ்காரன் தப்புன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இந்த ஒரு எழுத்தை மட்டும் மாத்திக்கலாம். உங்க விதிக்குறிப்புக்கும் பழுது வராது."

யோசிச்சுப் பாருங்க, புதுக் உள்ள வந்துடும். எஸ்தர் தப்பிச்சுடுவா. என் பன்னெண்டு பக்கமும் தப்பிச்சுடும். காசிம் பாய் மட்டுந்தான் மாட்டுவாரு, அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த மாதிரி வழி உங்களுக்கும் ஒரு நாள் வரும். ரொம்ப மரியாதையா, டீயோட வரும்.

"அவரு போன் பண்ணிச் சொன்னாரு சார். நான்தான் காதுல வாங்கல. தப்பு எழுத்துல இல்ல, விதியில இருக்கு."

"விதியே தப்புன்னா மத்த தலைப்பெல்லாம்?"

"அதுலயும் இருக்கும் சார்."

"எத்தனை?"

"தெரியாது சார்."

இந்த 'தெரியாது சார்'ன்னு சொல்றதுக்கு எனக்கு அம்பத்தி நாலு வயசு ஆயிருக்கு. தலைவர் எழுந்து நின்னாரு. "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அச்சாபீஸுக்கு வரேன். எல்லாத் தலைப்பும் சரியா இருந்தா உங்க மலைக்காரங்க உள்ள. ஒண்ணு பாக்கி இருந்தாலும் அவுங்க வெளிய. அரைகுறையா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இருந்தது மூணு பகல். கெடைச்ச பேச்சுப் பதிவையெல்லாம் எடுத்துக்கிட்டு எஸ்தரைக் கடலூருக்கு வரச் சொல்லிட்டேன். காசிம் பாய்கிட்ட போயி, "பாய், நான் பேசினது தப்பு"ன்னு சொன்னேன். அவரு நாற்காலிய இழுத்துப் போட்டாரு, அவ்ளோதான். தலைப்பு ஒவ்வொண்ணா எடுத்தோம். நாங்க ரெண்டு பேரும் பதிவைக் கேட்டுட்டு, பல்லா, மேலண்ணமான்னு அடிச்சுக்குவோம். பாய் பக்கத்துல இருந்து மெதுவா, "பல்லு சார்"ம்பாரு. அவரு சொன்னா சரியா இருக்கும். எனக்கு ஆச்சரியம் தாங்கல. எப்படி பாய்னு கேட்டேன்.

"சின்ன வயசுல குர்ஆன் ஓதறப்போ மொதல்ல இதைத்தான் சார் சொல்லித்தருவாங்க. ஒவ்வொரு எழுத்தும் எங்கேருந்து கெளம்புது, நாக்கு எங்க படணும்னு. தப்பா படிச்சா ஓதிக்குடுக்கற ஒஸ்தாது விட மாட்டாரு. இன்னிக்கும் காது தானா புடிச்சுக்கும்."

அப்படிப்பட்ட காதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, நீங்க ஆசிரியரா நான் ஆசிரியரான்னு கேட்டிருக்கேன் பாருங்க! 'உடி' போயி 'உதி' ஆச்சு. 'ரூட்டுல்' போயி 'ரூத்துல்' ஆச்சு. ஐரோப்பாவுல பாதி பேருக்கு நாக்கு பல்லுலதான் படுதுன்னு அப்போதான் தெரிஞ்சுது. பேருக்கு 'உ' ஒட்டறதையும் விட்டுட்டோம். விதிக்குறிப்புல பாதிய நானே அடிச்சேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கடைசித் தலைப்பு முடிஞ்சுது.

மத்தியானம் தலைவர் வந்தாரு. ஒவ்வொண்ணா பாத்தாரு, அங்கங்க விரலை வெச்சு, "இது ஏன்?"னு கேட்டாரு. எஸ்தர் பதில் சொன்னா. கடைசியா புதுக் பக்கத்துக்கு வந்தாரு. வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தாரு. திடீர்னு அவரு மொகம் மலர்ந்துடுச்சு.

"புதுக்கு... ஏங்க, புதுக்குறதுன்னா புதுப்பிக்கிறது இல்ல? அப்போ இது நம்ம சொல்லு! எங்க போயிருக்கு பாத்தீங்களா தமிழு! தமிழோட தொடர்பு இருக்கலாம்னு ஒரு வரி சேத்துடுங்க. விழாவுல நானே பேசறேன். சேத்தீங்கன்னா இப்பவே கையெழுத்து."

பேனாவைத் தொறந்துட்டாரு. ஒரு வரிதானே! எனக்கு வாய் வரைக்கும் 'சரி சார்' வந்துடுச்சு.

"அது வேணாம் சார்," அப்படின்னா எஸ்தர்.

"என்னம்மா வேணாம்?"

"கிரித்ஸ் இதுக்குக் கூடப்பொறந்தது, லெஸ்கி பெரியப்பா வீடுன்னு எழுதியிருக்கேன் சார். அதை ஒரே ஒரு சொல்லு ஒத்துப்போச்சுன்னு எழுதல. நாக்கு, கண்ணு, ஒண்ணு, ரெண்டு, நான், நீன்னு சொல்லுக்குச் சொல்லு வரிசையா பொருந்தி வரணும். அப்போதான் சொந்தம். இது சும்மா சத்தம் ஒத்துப்போவுது." தலைவரையே நேரா பாத்தா. "திங்கக்கிழமையும் சத்தந்தான் சார் ஒத்துப்போச்சு. அது அசிங்கமா ஒத்துப்போச்சு, வெளிய போன்னோம். இது அழகா ஒத்துப்போவுது, உள்ள வான்றோம். ரெண்டு தடவையும் அவுங்களை யாரும் கேக்கல."

காசிம் பாய் மெஷினை நிறுத்திட்டாரு. தலைவர் மொகம் செவந்து போச்சு. என் பக்கம் திரும்பினாரு. "நீங்க என்ன சொல்றீங்க?"

இந்தத் தடவை நான் தண்ணி தேடல.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி சார். அந்த வரி வர்றதா இருந்தா, அட்டையில என் பேரு வேணாம்."

நாலு வருஷ வேலை. தலைவர் அந்தக் கட்டுரைய மறுபடி முழுசா படிச்சாரு, நாலு பக்கமும். கீழ கையெழுத்துப் போட்டாரு. வரி சேக்கச் சொல்லல. எழுந்திரிச்சு செருப்பை மாட்டிக்கிட்டே, "கட்டுரைக்குக் கீழ எழுதினவங்க பேரைப் போடற வழக்கம் இல்லியா?"ன்னு என்னைக் கேட்டாரு. இல்ல சார்னேன். "இனிமே போடுங்க"ன்னுட்டுக் கார்ல ஏறிட்டாரு. நீங்க எழுதப் போற ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழ உங்க பேரு வருதே, அந்த வழக்கம் அங்க ஆரம்பிச்சதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பக்கம் அச்சாகி வந்துச்சு. அச்சாபீஸ் பின்னாடி பைண்டிங் ஷெட்டு. பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க தரையில உக்காந்து தாளு மடிப்பாங்க. எஸ்தர் ஈரம் காயாத தாளை எடுத்துக்கிட்டு நேரா அங்க போயிட்டா. நானும் பாயும் பின்னாடியே போனோம். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத எடம் அது. அவ நடுவுல நின்னு, நாக்கைப் பல்லுல வெச்சு, நிறுத்தி நிதானமா படிச்சா. "புதுக் மொழி. இதைப் பேசறவங்க இதுக்கு வெச்ச பேரு புதத் மெஸ்."

யாரும் சிரிக்கல. கை வேலை மட்டும் நின்னுச்சு. ஓரமா இருந்த ஒரு அம்மா, மடிச்ச தாளை மடியில வெச்சுக்கிட்டு நிமிந்து பாத்து, "அவுங்கல்லாம் எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாங்க.

எஸ்தர் அவுங்க பக்கத்துல தரையில உக்காந்துட்டா. ஒரு கழிவுத் தாளைத் திருப்பிப் போட்டு, மலைய வரைய ஆரம்பிச்சா.